அளந்து வாங்க வேண்டிய பேட்

ஜொகூர் பாருவில் எந்த மருந்துக்கடைக்குள் போனாலும் இரண்டு அலமாரிகள் எட்ட எட்ட இருக்கும். ஒன்றில் மாதவிடாய் பேடுகள்: மெல்லியது, தடித்தது, இறக்கை வைத்தது, இரவுக்கானது என்று வரிசை வரிசையாக. இன்னொன்று கடையின் மூலையில், ‘லம்பின் டெவாசா’ (பெரியவர்களுக்கான டயாப்பர்) என்று மலாயில் எழுதிய பெரிய பொட்டலங்களோடு, ஊன்றுகோலுக்கும் சக்கர நாற்காலிக்கும் பக்கத்தில். இருமினால் கொஞ்சம் சிறுநீர் கசியும் நாற்பத்தைந்து வயதுப் பெண் எந்த அலமாரிக்குப் போவார்? முதல் அலமாரிக்குத்தான். வயதுக்கு வந்த நாளிலிருந்து பழகிய இடம். அங்கே நின்றால் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். இருப்பதிலேயே தடிப்பான பேடாகப் பார்த்து எடுத்து வருவார். இரண்டு மணி நேரத்தில் ஈரம், அரிப்பு, வாடை. பேட் வைத்தும் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டு, அடுத்து அவர் செய்வது தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது.

சிறுநீர்க் கசிவுக்கென்றே செய்த மெல்லிய பேடுகளும் அதே கடையில் இருக்கின்றன. அவற்றுள் எது ஏற்றது என்பதை விலையும் சொல்லாது, பொட்டலத்தின் படமும் சொல்லாது. கசிவது எவ்வளவு, எவ்வளவு வேகமாக, எந்த நேரத்தில் என்ற மூன்றும் தெரிந்தால் சரியான பேடை எடுத்துவிடலாம். இந்த மூன்றையும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம் என்பது பல பெண்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இது அபூர்வமான தொல்லை அல்ல. நார்வேயின் ஒரு மாவட்டத்துப் பெண்களிடம் நடத்திய எபின்கான்ட் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறத்தாழ 28,000 பெண்கள் பதில் சொன்னார்கள். நால்வரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் கசிவு இருந்தது. நம் பெண்களுக்கு இன்னும் ஒரு காரணமும் சேர்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரியோ 18.3 விழுக்காடு. சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் ஊறும்; நாளாக ஆக, பை நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகளும் மந்தமாகும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளின் வேலையே உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதுதான். காலையில் அதைப் போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படுகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 1924இல் திறந்த பாலத்தின் நீளம் என்னவோ ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நெரிசல் நேரத்தில் அதைப் பஸ்ஸில் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். நடுவில் கழிப்பறை கிடையாது.

பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது மருத்துவர்களே வியக்கும்படி துல்லியமாகச் சொல்லிவிடுகிறார்கள். “சிரிச்சா போதும்க்கா, வந்துருது” என்பார் ஒருவர். “கதவுல சாவியப் போடுறதுக்குள்ள வந்துருது” என்பார் இன்னொருவர். இவை இரண்டும் வேறு வேறு நோய். பேட் வாங்கும்போதும் இந்த வேறுபாடுதான் முதலில் கணக்கில் வர வேண்டும்.

சிறுநீர்ப்பை ஒரு தசைப்பை. சராசரியாக 400 முதல் 600 மில்லி வரை கொள்ளும். நிறையும்போது அதன் சுவர் தளர்ந்து இடம் கொடுக்கும். வெளியேறும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி வாயை மூடி வைத்திருக்கும். பெண்களுக்கு அந்தக் குழாயின் நீளம் நான்கு சென்டிமீட்டர் அளவுதான். ஆண்களுக்கு இருபதை நெருங்கும். குழாயையும் பையையும் கீழிருந்து தாங்கிப் பிடிப்பவை இடுப்புத்தளத் தசைகள். பிரசவத்தில் அவை இழுபட்டுத் தளர்கின்றன. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, குழாயின் உட்சுவரும் மெலிகிறது. இந்த நிலையில் இருமும்போது, தும்மும்போது, அரிசி மூட்டையைத் தூக்கும்போது, தைப்பூசத்தன்று பால்குடத்தைத் தலையில் ஏற்றும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி, சில சொட்டோ ஒரு தேக்கரண்டியோ வெளியே வந்துவிடும். இது அழுத்தக் கசிவு. நார்வேயில் கசிவு இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு இது மட்டும்தான்.

சாவிக்காரருக்கு நடப்பது வேறு. அவருடைய பையின் தசை, மூளை உத்தரவு கொடுக்கும் முன்பே தானாகச் சுருங்குகிறது. வீட்டு வாசல், குழாய்த் தண்ணீர் விழும் சத்தம், குளிர் எதுவும் அதைத் தூண்டிவிடலாம். வருவது சொட்டாக இருக்காது. சில நொடிகளில் ஐம்பது, நூறு மில்லி கூடப் பாயும். இது அவசரக் கசிவு. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் ஏராளம்.

இப்போது மாதவிடாயோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு மாதவிடாயில் வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி. எண்பதைத் தாண்டினால் அதிகப் போக்கு என்று மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். அதாவது ஐந்து நாள் முழுக்கச் சிறுகச் சிறுக வருவதைவிட அதிகமான நீர், அவசரக் கசிவில் வாசற்படிக்கும் கழிப்பறைக்கும் இடையிலேயே வந்துவிடும். இரத்தம் கெட்டியானது, மெல்ல ஊறும். சிறுநீர் தண்ணீரைப் போலவே ஓடும். மெல்ல வருவதை ஏந்துவதற்காகச் செய்த பேடில் வேகமாக வருவதை விட்டால், அது உறிஞ்சி முடிப்பதற்குள் ஓரத்தில் வழிந்துவிடும். பேட் தடிப்பாக இருந்தும் ஆடை நனைவது இதனால்தான்.

சிறுநீர் பேடை ஒரு கத்தரிக்கோலால் வெட்டிப் பார்ப்பது நல்ல பாடம். மேலே தோலைத் தொடும் மெல்லிய விரிப்பு பாலிப்ரொப்பிலீன் இழையால் ஆனது. அது தண்ணீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது; கீழே விட்டுவிடும். அதற்கு அடியில், பல பேடுகளில் நீலமாகவோ பச்சையாகவோ, கொஞ்சம் பொசுபொசுவென்று ஓர் அடுக்கு இருக்கும். பாய்ந்து வரும் நீரைச் சட்டென்று வாங்கிப் பேடின் நீளவாக்கில் பரப்பிவிடுவது அதன் வேலை. சாவிக்காரருக்கு உயிர்நாடி இந்த அடுக்குதான். அதற்கும் கீழே நடுப்பகுதி: பைன் மரக்கூழின் பஞ்சும் அதற்குள் தூவிய வெள்ளைத் துகள்களும். கடையில் விற்கும் பேடுகளுக்குள் இருப்பது பருத்தி அல்ல, மரத்தின் செல்லுலோஸ் என்பதைக் மலிவான மாதவிடாய் பேட் செய்ய முயன்ற கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கண்டறிய எத்தனை பாடுபட்டார் என்பது நமக்குத் தெரிந்த கதை. எல்லாவற்றுக்கும் அடியில் பாலிஎத்திலீன் தாள். நல்ல பேடுகளில் இந்தத் தாளில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து இழுத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்கியிருப்பார்கள். நீராவி வெளியேறும், நீர் வெளியேறாது.

அந்த வெள்ளைத் துகள்களின் கதை சுவையானது. அமெரிக்க விவசாயத் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்ட கூடம் அது. அங்கிருந்த விஞ்ஞானிகள் சோள மாவுச்சத்தோடு ஒரு செயற்கைப் பலபடியை ஒட்டவைத்து, தன் எடையைப் போல் சில நூறு மடங்கு தண்ணீரை உறிஞ்சும் பொருளை உருவாக்கினார்கள். ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ என்று பெயர் வைத்தார்கள். வயலில் ஈரம் காப்பதும் விதைகளுக்கு மேல்பூச்சுப் பூசுவதும்தான் அவர்கள் மனத்திலிருந்த பயன். 1970களின் கடைசியில் ஜப்பானியர்கள் இந்த வகைப் பொருளை மாதவிடாய் பேடுக்குள் வைத்தார்கள். பிறகு குழந்தைகளின் டயாப்பருக்கும் பெரியவர்களின் பேடுக்கும் பரவியது. இன்று பெரும்பாலும் பயன்படுவது மாவுச்சத்து சேராத சோடியம் பாலிஅக்ரிலேட்.

பன்டோங் பானத்தில் மிதக்கும் சப்ஜா விதை ஊறிப் பருப்பதைப் போலத்தான் இந்தத் துகளும் பருக்கிறது. காரணம் அதன் வேதியியலில் இருக்கிறது. ஒவ்வொரு துகளும் ஒன்றோடொன்று முடிச்சிட்ட நீண்ட சங்கிலிகளின் வலை. சங்கிலியில் எதிர்மின்சுமை ஒட்டியிருக்கிறது. அதை ஈடுகட்டச் சோடியம் அயனிகள் வலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. உள்ளே அயனிகள் செறிந்தும் வெளியே குறைந்தும் இருப்பதால் வெளியிலுள்ள நீர் உள்ளே நுழைகிறது. வலை விரிகிறது. முடிச்சுகள் இருப்பதால் கரைந்து போவதில்லை, ஜெல்லாக நிற்கிறது. பழைய கைலித் துணியை மடித்து வைத்தால் அதுவும் நீரை உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் நூலிழைகளுக்கு இடையே தங்கிய நீர், உட்கார்ந்ததும் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஜெல்லுக்குள் போன நீர் அவ்வளவு எளிதில் திரும்பாது. மோட்டார் சைக்கிளில், பஸ்ஸில், தொழிற்சாலை முக்காலியில் மணிக்கணக்காக உட்காரும் பெண்ணுக்கு இந்த ஒரு குணமே பேடின் மதிப்பில் பாதி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிறுநீரில் உப்பு இருக்கிறது. வெளியே உப்பு இருந்தால் உள்ளுக்கும் வெளிக்குமான அயனி வேறுபாடு குறைகிறது. நீர் நுழையும் வேகமும் அளவும் குறைகின்றன. தூய நீரில் சில நூறு மடங்கு உறிஞ்சிய துகள், உப்புநீரில் முப்பது நாற்பது மடங்கோடு நின்றுவிடும். குழாய்த் தண்ணீரையோ நீல நிற நீரையோ ஊற்றிக் காட்டும் விளம்பரத்தை நம்பி வாங்குவதில் உள்ள ஆபத்து இது.

ஆகவே நீங்களே உப்புநீரை ஊற்றிப் பாருங்கள். அரை லிட்டர் தண்ணீரில் முக்கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்தால், ஆய்வுக்கூடங்களில் சிறுநீருக்குப் பதிலாகப் பயன்படுத்தும் உப்புநீருக்கு அருகில் வந்துவிடும். ஒரு மாதவிடாய் பேட், ஒரு சிறுநீர் பேட் இரண்டையும் மேசையில் விரியுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் 50 மில்லியை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மாதவிடாய் பேடில் நீர் மேலே தேங்கி, ஓரத்தை நோக்கி ஓடப் பார்க்கும். நல்ல சிறுநீர் பேடில் சில நொடிகளில் இறங்கிவிடும். பத்து நிமிடம் கழித்து, மடித்த டிஷ்யூ தாளை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். தாளில் ஏறும் ஈரம்தான் நாளை உங்கள் தோலில் இருக்கப்போகும் ஈரம். இன்றைய மாதவிடாய் பேடுகள் பலவற்றிலும் ஜெல் கொஞ்சம் இருக்கிறது; ஆனாலும் அளவும் அடுக்கமைப்பும் வேறு என்பது இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். இரண்டு பிராண்டுகளுக்கிடையே தேர்ந்தெடுக்கவும் இதே வழிதான்.

பொட்டலத்தின் மேல் அச்சிட்ட சொட்டுப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று சொட்டு, ஐந்து சொட்டு என்று போட்டிருப்பது அந்தந்த நிறுவனத்தின் சொந்த அளவுகோல். ஒரு பிராண்டின் நான்கு சொட்டும் இன்னொன்றின் நான்கு சொட்டும் சமமாக இருக்க வேண்டியதில்லை. சில பொட்டலங்களில் மில்லி கணக்கும் இருக்கும். முழுப் பேடின் கொள்ளளவை அளக்க 1996இல் வந்த ஐஎஸ்ஓ 11948-1 என்ற தர முறை இருக்கிறது. பேடை நீரில் முக்கி, வடியவிட்டு, எடை போடுவார்கள். உடம்பில் கட்டிய பேட் அப்படி நாலாபுறமும் நனைவதில்லை. வளைந்து, அழுந்தி, ஒரே இடத்தில் நனைகிறது. எழுதியிருக்கும் மில்லியில் பாதியை எட்டும் முன்பே கசிவது சாதாரணம். அந்த எண்ணை ஒரே பிராண்டின் இரண்டு வகைகளை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் அளவு. இதற்கு வேண்டியது சமையலறையில் மாவு நிறுக்கும் மின்தராசு மட்டுமே. புதுப் பேடை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியபின் அதே பையில் போட்டு, வாயை மூடி, மறுபடி நிறுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லி. புதிதில் 12 கிராம், கழற்றியபோது 47 கிராம் என்றால் 35 மில்லி கசிந்திருக்கிறது. எத்தனை மணிக்கு மாற்றினோம், என்ன குடித்தோம், எப்போது கசிந்தது, இருமும்போதா ஓடும்போதா என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று நாள் போதும். விளையாட்டு வேலையல்ல இது. சர்வதேச சிறுநீர்க் கட்டுப்பாட்டுச் சங்கம் 1980களில் வகுத்த ஒரு மணி நேரச் சோதனையின் அடிப்படையும் இந்த எடைதான். அதில் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு நடக்க வேண்டும், படியேற வேண்டும், பத்து முறை உட்கார்ந்து எழுந்து, பத்து முறை பலமாக இரும வேண்டும், ஒரு நிமிடம் குழாயடியில் கை கழுவ வேண்டும். பிறகு பேடை நிறுப்பார்கள்.

மூன்று நாள் தாள் கையில் இருந்தால் கடையில் தடுமாற்றம் இருக்காது. ஒவ்வொரு பேடிலும் ஐந்து, எட்டு கிராம் என்று வந்தால் மிக மெல்லிய வகையே தாராளம். தடித்ததை வைப்பது காசுக்கும் தோலுக்கும் கேடு. நாள் முழுக்க உலர்ந்திருந்து, மாலையில் வீடு திரும்பும் பேடில் மட்டும் 80 கிராம் என்றால் அது அவசரக் கசிவு. கொள்ளளவைவிட வேகமாக வாங்கும் அடுக்கு அங்கே முக்கியம். பயணத்துக்கு மட்டும் பெரியதும் மற்ற நேரத்துக்குச் சிறியதும் வாங்கலாம். இரவில்தான் அதிகம் என்றால் பின்பக்கம் நீண்ட பேட் வேண்டும், ஏனென்றால் படுத்திருக்கும்போது நீர் முன்னால் தங்காமல் பின்னோக்கி ஓடும். லார்க்கின் பஸ் நிலையத்தில் கோலாலம்பூர் பஸ் ஏறுகிறவர் நாலைந்து மணி நேரத்துக்குக் கணக்குப் போட வேண்டும். காரில் போகிறவர்களுக்கு மாச்சாப்பிலும் பாகோவிலும் ஓய்விடங்கள் இருக்கின்றன. பஸ் ஓட்டுநர் அங்கே நிறுத்துவார் என்று நம்பியிருக்க முடியாது.

இப்படி நேரத்துக்கேற்ப வகைகளைக் கலந்து வைத்துக்கொள்வது சரி என்பதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் மேண்டி ஃபேடரும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஆலன் காட்டன்டனும் மற்றவர்களும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஒப்பீட்டில், இலேசான கசிவுள்ள பெண்கள் பல வகைகளை மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறுநீர் பேடுகளே கசிவைத் தடுப்பதில் முன்னால் நின்றன. துவைத்துப் பயன்படுத்தும் தனிப் பேடுகள் கடைசியில் வந்தன. ஆனால் உள்ளேயே உறிஞ்சு துணி தைத்த, துவைக்கக்கூடிய உள்ளாடையைச் சில பெண்கள் மிக விரும்பினார்கள். வேறு சிலருக்கு மாதவிடாய் பேடே போதுமானதாக இருந்தது. கசிவு மிகக் குறைவாக இருப்பவருக்கு மாதவிடாய் பேட் பாவமில்லை. அளந்து பார்க்காமல் அதையே எல்லா அளவுக்கும் கட்டிக்கொண்டு அழுவதைத்தான் நான் தவறு என்கிறேன்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரின் புழுக்கம் ஐரோப்பிய ஆய்வுகளில் இல்லை. புதிதாக வெளியேறிய சிறுநீருக்கு வாடை அதிகம் இருக்காது. அதிலுள்ள யூரியாவைத் தோலிலும் பேடிலும் வாழும் பாக்டீரியா உடைத்து அம்மோனியாவாக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கிறது. நலமான தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது. அந்த அமிலம் ஒரு காப்பு. அம்மோனியா அதைக் காரத்தன்மைக்குத் தள்ளுகிறது. ஈரத்தில் ஊறிய தோல் உராய்வையும் தாங்காது. சிவந்து எரியும், பிறகு தொடை இடுக்கில் பூஞ்சை சேரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் விரைவாக வரும். நம் பெண்கள் இதற்குச் செய்யும் இரண்டு வைத்தியமும் நிலைமையை மோசமாக்குகின்றன. ஒன்று, டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவுவது; ஏற்கெனவே நொந்த தோலை அது இன்னும் வறட்டி எரிக்கும். மற்றது, பவுடரை அள்ளிக் கொட்டுவது. ஈரத்தில் அது கட்டி தட்டி மடிப்புகளில் உராயும். வெறும் தண்ணீரில் கழுவி, டிஷ்யூவால் ஒற்றி உலர்த்துவதே போதும். கழிப்பறையில் பைப் போட்டுக் கழுவும் நம் பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் கழுவிய ஈரத்தோடு பேடை மேலே இழுத்தால் பேடின் முதல் வேலை அந்தத் தண்ணீரை உறிஞ்சுவதாகிவிடும். துத்தநாக ஆக்சைடு களிம்போ வாசலினோ தடவலாம், மிக மெல்லியதாக. அப்பிக்கொண்டால் பேடின் மேல்விரிப்பு அடைத்து நீர் இறங்காது.

பேட் ஒழுங்காக வேலை செய்ய அது உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிகளில் பலர் கைலிக்கோ சேலைப் பாவாடைக்கோ உள்ளே எதுவும் அணிந்து பழகாதவர்கள். அவர்கள் கையில் ஒரு பேடைக் கொடுத்தால் அதை எங்கே ஒட்டுவது? “இதெல்லாம் எனக்கு வேணாம் ஆயி” என்று தள்ளிவிடுவார்கள். அவர்களுக்கு உள்ளாடை போலவே இழுத்து மாட்டும் வகையோ, உறிஞ்சு துணி தைத்த பருத்தி உள்ளாடையோதான் சரிப்படும். ‘பேம்பர்ஸ்’ என்ற சொல்லை அவர்கள் காதுபட உச்சரிக்காமல் இருப்பது மரியாதை.

செலவு சிறியதல்ல. கணக்குக்கு ஒரு பேட் 1 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு மூன்று, மாதம் 90 ரிங்கிட். 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இதற்கே போய்விடும். துவைக்கும் வகை முதலில் விலை அதிகம், போகப்போக மலிவு. ஆனால் ஜொகூரில் நவம்பர் தொடங்கி மழை பிடித்துக்கொண்டால் அடுக்குமாடி வீட்டில் தடித்த துணி காய இரண்டு நாளாகும்; அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டால் பூஞ்சை நிச்சயம். வீட்டிலிருக்கும் நேரத்துக்குத் துவைப்பது, வெளியே போக எறிவது என்று பிரித்துக்கொள்வது நல்ல வழி. 2023 மார்ச்சில் ஜொகூரில் வெள்ளம் வந்து பல்லாயிரம் பேர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் துவைக்கவும் முடியாது, காயப்போடவும் முடியாது. வெள்ளம் வரும் பகுதியில் இருப்பவர்கள் அவசரப் பைக்குள் ஒரு பொட்டலம் பேடையும் வைத்துக்கொள்ளட்டும். நிவாரணப் பொருள் திரட்டும் நம் கோயில்களும் சங்கங்களும் அரிசி, பிஸ்கட் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்.

பயன்படுத்தியதைச் சுருட்டிக் கட்டி சாதாரணக் குப்பையில் போடுங்கள். கழிப்பறைக்குள் போட்டால் ஜெல் உப்பிக் குழாயை அடைத்துவிடும்.

பேட் கசிவை ஏந்துகிறது, குணப்படுத்துவதில்லை. குணப்படுத்தும் வழி 1948இலேயே அச்சாகிவிட்டது. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் அந்த ஆண்டில் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைப் பற்றி எழுதினார். காற்றை அடக்குவது போலவும் சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போலவும் தசையை உள்ளே மேலே இழுத்து, சில நொடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. 2018ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பில், அழுத்தக் கசிவுள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 விழுக்காட்டினர். மருந்தில்லை, கத்தியில்லை, காசில்லை. இவ்வளவு பலன் தரும் ஒன்றைப் பிரசவம் ஆன ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்தியச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்காமல் விட்டோமே என்று எனக்கு ஆற்றாமை. அவசரக் கசிவுக்கு, கழிப்பறை போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் பயிற்சி உண்டு; மாத்திரைகளும் உண்டு. தண்ணீரைக் குறைப்பது இரண்டுக்குமே தீர்வல்ல. செறிந்த சிறுநீர் பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலைத் தரும், மலச்சிக்கல் வந்தால் முக்கி முக்கி இடுப்புத்தளம் மேலும் தளரும்.

பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். “டாக்டர், அடக்க முடியல, இதுதான் என் மூணு நாள் கணக்கு” என்று தாளை நீட்டினால் போதும். சிறுநீரையும் சர்க்கரையையும் சோதிப்பார்கள், போடும் மாத்திரைகளைப் பார்ப்பார்கள், தேவையானால் இயன்முறை மருத்துவரிடமோ பெரிய மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். சிறுநீரில் இரத்தம், போகும்போது எரிச்சல், முழுக்கப் போகாமல் சொட்டிக்கொண்டே இருப்பது ஆகியவை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. கால் பலவீனமாகி, இருக்கையில் உட்காரும் பகுதி மரத்துப்போய், திடீரென்று கசிவு தொடங்கினால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டு நரம்பு அழுந்தியிருக்கலாம்.

பயிற்சியைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். அதன்பின் பேடை மறுபடி தராசில் வையுங்கள். 35 கிராம் 10 ஆக இறங்கியிருந்தால் அடுத்த பொட்டலத்தை ஒரு படி மெல்லியதாக வாங்கலாம்.